உப்பு மறந்த வெஞ்சனம்

ரோச்சுக்குத் தன் வீட்டுக் குசினி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது என்றுதான் பிளாரன்ஸ் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு நாளாவது குசினிப் படியைத் தாண்டியிருந்தால்தானே! தோணி கரை சேர்ந்தால் வீட்டுக்கு வருவார், கால் கழுவுவார், மேசை முன்னால் உட்கார்ந்து "ஏளா, தண்ணி" என்பார். தண்ணீர் வரும், பின்னாலேயே சோறும், தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனமும் வரும். எதை வைத்தாலும் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். நல்லாயிருக்கு என்றும் சொன்னதில்லை, நல்லாயில்லை என்றும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர் கையில் அந்தக் குசினி போய்ச் சேர்ந்தது ஒரு விபூதிப் புதன்கிழமை. சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்று தூத்துக்குடி முழுக்க ஒரே பேச்சாக இருந்த சமயம். ஜப்பான்காரன் இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று ஆளாளுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் பயந்து பல தோணிகளைக் கரையில் கட்டிப் போட்டாயிற்று. ரோச் வேலை பார்த்த கீழக்கரைத் தோணியும் கொழும்புக்குப் போகாமல் நின்றுவிட்டதால், அவர் வீட்டுச் சன்னலுக்கும் கடற்கரைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பிளாரன்ஸ் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவள், கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. எலும்பு கட்டுகிற ஆசான் வந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, "பாஸ்கு முடியுற வரைக்கும் இந்தக் கையால ஒரு ஈயைக்கூட ஓட்டப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே மகளை மணப்பாட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"நான் மகளை வரச் சொல்லட்டா?" என்று பிளாரன்ஸ் கேட்டாள்.

"என்னத்துக்கு? நான் பாத்துக்கிடுதேன்" என்றார் ரோச்.

"நீங்களா? எதை?"

"சோறு, வெஞ்சனம் எல்லாந்தான்."

அவளுக்கு வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. அதிலும் அது தபசுகாலம், பாஸ்குத் திருநாள் வரைக்கும் நாற்பது நாள் நோன்பு. மீன் சாப்பிடக்கூடாது என்று எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. ஆனாலும் பிளாரன்சின் தாய்வீட்டு வழக்கம், தபசு முடிகிற வரை மீன் வாசனையே அடுப்பில் ஏறக்கூடாது. கடற்கரைப் பெண்களுக்கு மீனை எடுத்துவிட்டால் பாதிக் கை போன மாதிரி. பிளாரன்சும் வருஷா வருஷம் பூசணிக்காயைத் தண்ணீரில் வேகவைத்து, மிளகாய்த்தூளைக் கொட்டி, "ஆண்டவர் பட்ட பாட்டை நினைச்சுச் சாப்பிடுங்க" என்று தட்டில் போடுவாள். அதைச் சாப்பிட நிஜமாகவே ஆண்டவரை நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் ரோச் குசினிக்குள் நுழைந்தார். பிளாரன்ஸ் வாசலுக்கு நேராகக் கட்டிலை இழுத்துப் போடச் சொல்லி, கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தயாரானாள். பானை உடையப் போகிறது, கை சுடப் போகிறது, "ஏளா, என்னால ஆவாது" என்று வெளியே வரப்போகிறார் என்று காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ரோச் முதலில் அடுப்புக்கு வலது பக்கம் ஒரு மண்பானையில் தண்ணீர் நிறைத்து வைத்தார். இடது பக்கம் இன்னொன்றில் நிறைத்து வைத்தார். ஒரு அடுப்புக்கு எதற்கு இரண்டு பானைத் தண்ணீர் என்று இவளுக்கு விளங்கவில்லை. பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பாதத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, வாழைக்காயைக் கையில் எடுத்தார். கையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு தோலை மெல்லிசாகச் சீவினார். ஒரே அளவாகத் துண்டு போட்டு, கறுக்காமல் இருக்க மோர் விட்ட தண்ணீரில் போட்டார். சட்டியில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மஞ்சள் போட்டு மூடி, காய் குழையாமல் வேகிற பதத்தில் இறக்கினார். தேங்காய், சீரகம், ரெண்டு வத்தல் மிளகாயை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொண்டார். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, காயைப் போட்டுப் பிரட்டி, தேங்காயைத் தூவி இறக்கிவிட்டார். அவ்வளவுதான். சோறு வடிவதற்குள் வெஞ்சனம் தயார்.

அவருக்கு இடது கையில் கடைசி இரண்டு விரல் கிடையாது. கல்யாணமான மறு வருஷம் நங்கூரக் கயிறு இழுத்துக்கொண்டு போனது. மிச்சமிருந்த எட்டு விரலும் அடுப்பின் முன்னால் செய்த வேலையைப் பார்த்துப் பிளாரன்ஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வாய் எடுத்து வைத்தாள். மணம் இருந்தது, பதம் இருந்தது. உப்பு மட்டும் இல்லை. ஒரு கல் கூட இல்லை. ஊரைச் சுற்றி உப்பளம், குவித்து வைத்த உப்பு கண்ணைப் பறிக்கிற ஊர். அந்த ஊரில், உப்பைத் தவிர எல்லாம் போட்ட ஒரு வெஞ்சனம்!

"உப்பு போடலியா?"

ரோச்சும் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "மறந்துட்டேன்" என்று எழுந்துபோய், கல்லுப்பை நுணுக்கிக் கொண்டுவந்து மேலே தூவினார். தூவின உப்பு மேலேயே நின்றது, காய்க்குள் இறங்கவில்லை. ஆனாலும் பிளாரன்ஸ் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். ஆம்பளை முதல் நாள் சமைத்தால் உப்பு மறப்பது ஒரு பெரிய காரியமா என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

மறுநாள் புடலங்காயும் சிறுபயறும் போட்ட கூட்டு. அதிலும் உப்பு இல்லை. அதற்கடுத்த நாள் கத்தரிக்காயைச் சுட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, சின்ன வெங்காயம் வதக்கிப் போட்டார். அதிலும் இல்லை. தினமும் அவள் "உப்பு?" என்பாள், அவர் "மறந்துட்டேன்" என்பார். மறந்ததற்கு வருத்தப்படுகிற முகம்தான், பொய்யில்லை. ஆனால் மறுநாளும் மறப்பார்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ரயிலில் காய்கறிக் கூடையோடு வந்து தெருத்தெருவாக விற்கிற செண்பகம், ஒரு நாள் வாசலில் கூடையை இறக்கினாள். ரோச் வெளியே வந்து தண்டங்கீரையை ஒடித்துப் பார்த்து, பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து, பிஞ்சாகப் பொறுக்கியெடுத்துக்கொண்டு உள்ளே போனார். செண்பகம் கன்னத்தில் கை வைத்தாள்.

"அண்ணாச்சி காய் பொறுக்குற தினுசப் பாத்தியளா! இம்புட்டு வருசமா கூடை சொமக்கேன், எந்த ஆம்பளையும் கீரைத்தண்டை ஒடிச்சுப் பாத்து நான் கண்டதில்ல. யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டவள், பிளாரன்சைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "கொழும்புல எவளாவது பழக்கி விட்டுட்டாளோ என்னமோ!"

விளையாட்டுக்குச் சொன்னதுதான். செண்பகம் சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிளாரன்சால் சிரிக்க முடியவில்லை. தோணிக்காரன் பெண்டாட்டிக்குக் கடலைப் பற்றிய பயம் பாதி என்றால், கடலுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றிய பயம் மீதி. தெருக்கோடி இனிகோவுக்குக் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இன்னொரு குடும்பம் இருக்கிறதென்று ஊருக்கே தெரியும். இனிகோவின் பெண்சாதிக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. ஒரு ஆம்பளைக்கு இவ்வளவு பக்குவம் எங்கிருந்து வரும்? எவளோ ஒருத்தியின் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். வெங்காயம் உரித்துக் கொடுத்திருக்க வேண்டும். இந்த வீட்டுப் படியைத் தாண்டாத கால், அந்த வீட்டுப் படியைத் தாண்டியிருக்க வேண்டும்.

அன்றைக்குக் கீரை. ரோச் அதை முடி மாதிரிப் பொடிசாக அரிந்தார். காய்ந்த சட்டியில் கீரையையும் தேங்காய்த் துருவலையும் வெங்காயத்தையும் போட்டு, பச்சை நிறம் மாறுவதற்குள் நாலு பிரட்டுப் பிரட்டி இறக்கிவிட்டார். இந்தப் பக்கத்தில் கீரையை இப்படி யாரும் செய்வதில்லை.

"இது எந்த ஊர்ப் பழக்கம்?" என்று கேட்டாள். குரலை முடிந்த அளவு சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"கொழும்புல இப்படித்தான்."

"அங்க யாரு உங்களுக்குச் செஞ்சு போடுதது?"

ரோச்சின் கை அகப்பையோடு நின்றது. அவளைப் பார்க்கவில்லை. "ஒரு வீட்டுல சாப்புட்டேன்" என்றார்.

"எந்த வீட்டுல?"

"ஒரு வீட்டுலளா. இப்ப அதுக்கென்ன?" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். காது மடல் சிவந்திருந்தது. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் பொய் சொல்கிறார் என்பது தெரியாமல் போகுமா?

அப்புறம் பிளாரன்ஸ் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. உப்பைக்கூடக் கேட்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள். அவர் தலை வாரிவிட்டார், இடது கையால் ஜாக்கெட்டுக் கொக்கி மாட்டச் சிரமப்பட்டபோது வந்து மாட்டிவிட்டார், முகம் கழுவத் தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொன்றும் அவளுக்கு வலித்தது. இவ்வளவு பிரியமாக இருக்கத் தெரிந்த மனுஷன் இத்தனை வருஷம் அந்தப் பிரியத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்? மகள் வீட்டுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தாள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் சொல்லிவிடலாம், மறுநாள் மணப்பாட்டுக்கு வண்டி பிடிக்கலாம், திரும்பி வருவதைப் பற்றி அங்கே போய் யோசிக்கலாம்.

வெள்ளிக்கிழமை பூசணிக்காய். கோயிலிலிருந்து வந்தவள் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள். ரோச் அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. அடுப்பில்தான் கண். பூசணித் துண்டுகளையும் சின்ன வெங்காயத்தையும் கீறின பச்சை மிளகாயையும் சட்டியில் போட்டார். வலது பக்கத்துப் பானையிலிருந்து ஒரு சிரட்டைத் தண்ணீர் கோரி விட்டார். பிறகு பார்க்காமலேயே கையை இடது பக்கம் நீட்டி, அந்தப் பானையில் கோரினார். முழுச் சிரட்டை இல்லை. கால் சிரட்டைதான், அதையும் ஒரு தரம் ஆட்டி, கொஞ்சத்தைத் திரும்பப் பானையிலேயே ஊற்றி, மருந்து அளக்கிற மாதிரி அளந்து சட்டியில் விட்டார். விட்டுவிட்டு, ஒரு காரியம் முடிந்தது என்கிற திருப்தியோடு மூடியைப் போட்டு மூடினார்.

பிளாரன்சுக்குச் சட்டென்று தன் அப்பாவின் தோணி ஞாபகத்துக்கு வந்தது.

அவள் அப்பா தண்டல், தோணிக்குத் தலைவர். சின்னப் பிள்ளையில் ஒரு தரம் நங்கூரம் போட்டு நின்ற தோணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே பண்டாரி, அதுதான் தோணிச் சமையல்காரர், இப்படியேதான் பலகையில் கால் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் பீப்பாயில் குடிதண்ணீர். இடது பக்கம் வாளியில் கடல்தண்ணீர். நல்ல தண்ணீரைச் சிக்கனம் பண்ண வேண்டும், உப்புப் பொதி ஈரத்தில் கரைந்துவிடும். அதனால் தோணியில் உப்பென்று தனியாக யாரும் போடுவதில்லை. நல்ல தண்ணீர் ஒரு பங்கு விட்டால், கடல்தண்ணீர் கொஞ்சம் விடுவார்கள். உப்பு போட்டாயிற்று.

இடது பக்கத்துப் பானையில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். ஆனால் அந்தக் கைக்கு அது தெரியாது. அந்தக் கை தினமும் உப்பு போட்டுக்கொண்டுதான் இருந்தது.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பிளாரன்ஸ் நின்றாள். கொழும்பில் எவளுமில்லை. எந்த வீடுமில்லை. ஒரு பெண்ணின் அடுப்பில் பழகியவன் உப்புச் சட்டியைத் தேடாமல் இருப்பானா? இது தண்ணீர்மேல் பழகின கை. கயிறு உரசின தழும்பு என்று அவர் சொல்லி வந்த முழங்கைக் கோடுகளெல்லாம் சூடுபட்ட தழும்புகள். விரல் போன வருஷத்தோடு அவர் இந்த ஊர்த் தோணியை விட்டுவிட்டு, தெரிந்த முகமில்லாத கீழக்கரைத் தோணிக்குப் போனதும் இப்போது புரிந்தது. எட்டு விரலை வைத்துக்கொண்டு பாய்மரம் ஏற முடியுமா? சுக்கான் பிடிக்க விடுவார்களா? அடுப்படியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"சுக்கான் பிடிக்கிற கைக்குத்தான் என் மகளைக் குடுப்பேன்" என்று கல்யாணப் பந்தியில் அப்பா சத்தமாகச் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. "பண்டாரி வேலை பாக்குறவன் பாதி ஆம்பளை" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்ததும் ஞாபகம் இருந்தது. மாப்பிள்ளையும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார்.

பாவி மனுஷன்! இதற்காகவா இந்த வீட்டுக் குசினிப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்தார்? அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. அவள் சமைத்த கண்ணராவிப் பூசணிக்காயை, அவ்வளவு பக்குவம் தெரிந்த மனுஷன், ஒரு வார்த்தை சொல்லாமல் பதினெட்டுத் தபசுகாலமாகச் சாப்பிட்டிருக்கிறாரே என்று நினைத்தபோது சிரிப்பும் வந்துவிட்டது.

அன்றைக்கு அவர் தேங்காய்ப்பால் விட்டு, நுரை கட்டும்போதே இறக்கிய பூசணிக்காய் பால்கறியை உப்பில்லாமலே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். மணப்பாட்டுப் பேச்சை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலையில் ரோச், செண்பகத்தின் குரல் கேட்டுத் தெருமுனைக்குப் போன நேரம், பிளாரன்ஸ் இடது பக்கத்துப் பானையைக் கவிழ்த்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். அதை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். படகு நிற்காத இடமாகப் பார்த்து முழங்கால் ஆழம் இறங்கி, அலை தெளிந்த நேரம் முக்கி எடுத்தாள். ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு வீடு வருவதற்குள் பாதி சேலையில் போயிற்று. மீதியை அடுப்புக்கு இடது பக்கம், அதே இடத்தில், வைத்தாள்.

ரோச் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வந்தார். வழக்கம்போலக் கால் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். காயை நறுக்கிப் போட்டார். வலது பக்கம் ஒரு சிரட்டை. இடது பக்கம் கால் சிரட்டை. மூடினார். வெந்து இறக்கும்போது அகப்பை நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார்.

அப்படியே நின்றுவிட்டார். இன்னொரு தரம் தொட்டு வைத்துப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி இடது பக்கத்துப் பானையைப் பார்த்தார். விரலை முக்கி வாயில் வைத்தார். பிறகு வாசலில் ஈரச் சேலையோடு நின்றவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"எப்பளா தெரிஞ்சுது?" என்றார்.

"நேத்து. உங்க கை சொல்லிச்சு."

"உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பாரு."

"அப்பா போய்ச் சேந்து எத்தனை வருசமாச்சு! அவரா இங்க உக்காந்து சாப்புடுதாரு?"

ரோச் தலையைக் குனிந்துகொண்டார். "ஒங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு. நீ எல்லார்ட்டயும் எங்க வீட்டுக்காரர் சுக்கான் பிடிக்காருன்னு சொல்லுவ. அதக் கேக்க நல்லாயிருக்கும்."

"நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு வாய மூடிட்டு இருந்தீங்க. நான் இங்க என்ன நினைச்சேன்னு தெரியுமா? கொட்டாஞ்சேனையில ஒருத்தி இருக்கான்னு நினைச்சேன். மணப்பாட்டுக்குப் போயிரலாம்னு நினைச்சேன்."

அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வந்திருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எழுந்து வந்து, கட்டுப்போட்ட அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எவளுமில்லளா" என்றார். "ஒரு வீடும் இல்ல. ஒரு அடுப்புதான். அதுவும் ஆடிக்கிட்டே இருக்கும்."

"தெரியும்" என்றாள் பிளாரன்ஸ். அழுதுகொண்டேதான் சொன்னாள். "சோத்தப் போடுங்க, பசிக்குது."

அன்றைக்கு முதல்முறையாக வெஞ்சனத்தில் உப்பு உள்ளே இறங்கியிருந்தது. கடல்தண்ணீருக்கே உரிய ஒரு சின்னக் கசப்பும் இருந்தது. பிளாரன்சுக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் பழைய கடல்தண்ணீரைக் கொட்டியாயிற்று. அவள் எழுந்திருப்பதற்குள் ரோச் பானையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிளாரன்ஸ் சன்னல் பக்கம் வந்தாள். கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், சும்மா உட்கார்ந்திருந்த தோணிக்காரர்கள் என்று ஊர் ஆம்பளைகள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். பானையோடு கடலில் இறங்கி ஏறுகிற ரோச்சை எல்லோரும் பார்த்தார்கள். இனிகோதான் முதலில் வாயைத் திறந்தான்.

"என்ன ரோச்சண்ணே, கடல்தண்ணி எதுக்கு?"

ரோச் நின்றார். நெற்றியில் தண்ணீர் வழிந்தது. பிளாரன்ஸ் சன்னல் கம்பியை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டு வரட்டும் என்றுதான் அவள் மனசு வேண்டியது. அவர் அவமானப்படுவதை அவளால் பார்க்க முடியாது.

"வெஞ்சனம் வைக்க" என்றார் ரோச். சன்னல் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"வெஞ்சனமா? யாரு சமைக்கா?"

"நான்தான். எங்க தோணியில நான் சுக்கான் பிடிக்கலலே. பண்டாரி வேலை பாத்தேன். இப்ப வீட்டுலயும் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் தளும்பாமல் பானையைச் சரிசெய்துகொண்டு, ரோச் வீட்டைப் பார்த்து நடந்தார்.